மார்ஃபினுக்கும் ஒரு கால அட்டவணை

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின் ஆனைகட்டியில் வசித்து வருகிறேன். கோவையிலிருந்து மாங்கரை வழியாக மலையேறினால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் இது. எல்லையின் இருபுறமும் ஊருக்கு ஒரே பெயர்தான். புற்றுநோய் வந்த வீடுகளில் மார்ஃபின் மாத்திரையைக் கண்டு ஏற்படும் பயமும் இருபுறமும் ஒன்றுதான்.

"அபினிலிருந்து எடுப்பதாயிற்றே, பழகிவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நோயாளி துடித்த பிறகே ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரம். வலி முற்றிய பின் கொடுத்தால் மருந்து வேலை செய்யும்வரை நோயாளி தவிப்பார். பதற்றத்தில் அடுத்தடுத்துக் கொடுத்தால் அதிக மயக்கம் வந்துவிடும்.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட வழிகாட்டி, மருந்தை வாய் வழியாக, கடிகாரம் பார்த்து, படிப்படியாகக் கொடுக்கச் சொன்னது. கூட்டம் நெருக்கித் தள்ளிய பிறகா நாம் வண்டியை விடுகிறோம்? நேரத்துக்கல்லவா விடுகிறோம்! காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்பது வழக்கமான அட்டவணை. நடு இரவில் எழுப்ப வேண்டாமென்று, இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு எழுதும் மருத்துவர்களும் உண்டு. இடையில் வலி தலைதூக்கினால் கொடுக்கத் தனி அளவும் குறித்துத் தருவார்கள்.

12 மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கும், மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. விழுங்கச் சிரமமென்று அதைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. அரை நாள் மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கி மூச்சு மந்தமாகிவிடும். 3 நாட்களுக்கு ஒருமுறை தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையின் மேல் வெந்நீர் ஒத்தடமும் ஆகாது. சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போகும்.

பக்க விளைவுகளில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் எந்த அட்டவணையிலும் விடாது. எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தின் கழிவு உடலில் தேங்குமாதலால் இடைவெளியை நீட்டுவார்கள். எழுப்பியும் எழாமல், மூச்சு மிகவும் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு.

கேரளம் இதில் முன்னோடி. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண முயற்சி கிராமங்கள்வரை பரவியது. 2008-ல் மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதில் இருந்த சிக்கல்களைக் குறைக்க 2014-ல் நாடாளுமன்றம் திருத்தம் செய்தது. மருத்துவர் மேற்பார்வையில் புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுவோர் போதைக்கு அடிமையாவது அரிது.

தூர தேசத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பெற்றோருக்கு இந்த மருந்து எழுதியிருந்தால், "வலி எப்படி?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? மலம் போயிற்றா?" என்றும் தொலைபேசியில் கேளுங்கள்.