கித்துள், கராம்பு, கப்பலில் வந்த மா

கண்டியில் இருந்துகொண்டு புதிதாக ஒரு குக்கீ செய்து பார்க்க நினைப்பவருக்கு வாசனைக்குப் பஞ்சமே இல்லை. மாத்தளை வீதியின் இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். கராம்பும் சாதிக்காயும் வீட்டு வளவுகளிலேயே காய்க்கின்றன. நக்கிள்ஸ் மலையடி ஊர்களிலிருந்து கித்துள் கருப்பட்டியும் பாணியும் நகரத்துச் சந்தைக்கு வருகின்றன. தேயிலையைச் சொல்லவே வேண்டாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதை நட்ட லூல்கந்துர தோட்டம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இல்லாதது ஒன்றே ஒன்று. கோதுமை.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, பங்கீட்டில் கோதுமை மா பெரிதாக நுழைந்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியபின் தானியம் கப்பலில் வந்து இங்கே மாவானது. பாண், ரொட்டி, பிஸ்கட் எல்லாமே அந்தக் கப்பலை நம்பித்தான். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது மாவின் விலை ஏறி, பல பேக்கரிகள் போறணையை அணைத்துவிட்டன. ஆகவே கண்டிக் குக்கீ என்று ஒன்றை உருவாக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த வாசனையைப் போடலாம்?" என்பதல்ல, "மாவில் எவ்வளவை மாற்றலாம்?" என்பதுதான்.

இந்தக் கேள்வி புதிதல்ல. பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலியின் அக்கரையில் கன்னொறுவை. அங்குள்ள விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு அரிசி மா, பலா, கிழங்குகள் முதலியவற்றைப் பதப்படுத்தி உணவுப் பண்டங்களாக்கும் வழிகளை ஆராய்கிறது. அதற்கும் வெகு காலம் முன்பே ஊர்ச் சமையலறை ஒரு விடையைக் கண்டுவிட்டது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் பொரிக்கும் கொக்கிஸ் ஒல்லாந்தர் வழி வந்தது என்பார்கள். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கரைத்து, அச்சைத் தோய்த்து எண்ணெயில் இறக்குவது; நம் அச்சு முறுக்குக்கு உறவுதான். ஒல்லாந்தர் 1765இல் கண்டித் தலைநகருக்குள் புகுந்தும் நிலைக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். கொக்கிஸ் மட்டும் உள்ளே வந்து தங்கிவிட்டது!

சோதனைக்கு ஓர் அடிப்படை வேண்டும். ஸ்கொட்லாந்தின் ஷோர்ட்பிரெட் கணக்கு இதற்கு வசதியானது: சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு, மா மூன்று. 100 கிராம் சீனி, 200 கிராம் பட்டர், 300 கிராம் கோதுமை மா. இந்த முதல் தட்டை எதையும் மாற்றாமல் சுட்டு வைக்க வேண்டும். மற்றதையெல்லாம் இதோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்த தட்டில் 60 கிராம் கோதுமை மாவை எடுத்துவிட்டு அதே அளவு குரக்கன் மா. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. வேறெதையும் தொடக்கூடாது. குரக்கனையும் கித்துளையும் ஏலக்காயையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு "நன்றாக வரவில்லை" என்பவருக்கு எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியப் போவதில்லை.

குரக்கனிலும் அரிசியிலும் மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் இல்லை. அளவு கூடக்கூட குக்கீ பொலபொலவென்று உதிரும். கொஞ்சம் உதிர்வது ஷோர்ட்பிரெட்டுக்கு அழகு. கையிலெடுக்கும்போதே உடைந்தால் விற்க முடியாது. இன்னொரு தொல்லை நிறம். குரக்கன் மா இயல்பிலேயே பழுப்பு, கித்துள் கருப்பட்டியைத் துருவிப் போட்டால் இன்னும் கறுக்கும். "பொன்னிறமானதும் இறக்கவும்" என்ற வழக்கமான குறிப்பு இங்கே உதவாது. போறணைக்குள் வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் தட்டை நிறுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. குறைந்த எடை பெரும்பாலும் ஆவியாய்ப் போன நீர்தான்.

கித்துளில் கலப்படமும் உண்டு. சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு வாரம் அசலும் மறுவாரம் கலப்பும் வாங்கினால் சோதனை வீண். வாசனைப் பொருட்களில் கராம்பு முரட்டுப் பிள்ளை: அதிலுள்ள இயூஜினோல் நாக்கையே மரக்கச் செய்யும், ஒரு சிட்டிகை கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தேயிலைத் தூளை மாவில் தூவுவதைவிட உருக்கிய பட்டரில் சற்று நேரம் ஊறவிடுவது நல்லது, மணத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டரை மறுபடி உறையவைத்துத்தான் சீனியோடு அடிக்க வேண்டும்.

புதிய குக்கீ என்றதும் பலரும் சொல்லும் கதை அமெரிக்காவின் ரூத் வேக்ஃபீல்டுடையது. 1938 அளவில், மசாசூசெட்ஸின் டோல் ஹவுஸ் விடுதியில், உருகிவிடும் என்று நினைத்துச் சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டாராம், உருகாமல் நின்றதாம், சாக்லேட் சிப் குக்கீ தற்செயலாய்ப் பிறந்ததாம். கேட்க இனிமைதான். ஆனால் அவர் மனையியல் படித்துப் பட்டம் பெற்றவர். விடுதியில் ஐஸ்கிரீமோடு பரிமாறிவந்த மெல்லிய பட்டர்ஸ்கொட்ச் குக்கீக்குப் பதில் வேறொன்றைத் தேடித்தான் அதை உருவாக்கியதாக அவரே பின்னாளில் சொன்னார். பெண்களின் உழைப்பை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதும் பழக்கம் சமையலறையையும் விடவில்லை.

சுட்டதை யார் ருசி பார்ப்பது? வீட்டார் உதவ மாட்டார்கள். அம்மா "நல்லாயிருக்கு" என்பார். பிள்ளைகள் பெரியதாய்ப் பார்த்து எடுப்பார்கள். உணவு ஆய்வுகூடங்களில் முக்கோணச் சோதனை என்ற எளிய முறை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டுகள். இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. பெயருக்குப் பதில் மூன்றிலக்க எண்கள், இடையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர். வேறுபட்டது எது என்று மட்டும் கேட்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவருக்குச் சரியாகிவிடும் என்பதால், 12 பேரில் குறைந்தது 8 பேர் கண்டுபிடித்தால்தான் வித்தியாசம் உண்மை என்று கொள்வார்கள். குரக்கன் கலந்தது நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுமே என்றால், விளக்கை மங்கலாக்கலாம், கண்ணைக் கட்டலாம். பிடித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு, 1940களின் இறுதியில் அமெரிக்க இராணுவத்தின் உணவு ஆய்வகத்தில் உருவான ஒன்பது படி அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது.

கடைசிச் சோதனையை நடத்துவது மழை. ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் அடைமழை. காற்றின் ஈரத்தைக் கருப்பட்டி உறிஞ்சும். முறுகலாய் இறக்கிய கித்துள் குக்கீ திறந்த தட்டில் சீக்கிரமே நமுத்துவிடும். சீனி போட்டது அதைவிடத் தாங்கும். கருப்பட்டியைப் பாதியாக்கி மீதிக்குச் சீனி சேர்ப்பது ஒரு வழி. குறைந்த சூட்டில் இன்னும் கொஞ்ச நேரம் உலரவிட்டு, ஆறியவுடன் காற்றுப் புகாத டின்னில் அடைப்பது மற்றொன்று. எந்த வழியானாலும், விலைப்பட்டியல் அச்சடிக்கும் முன் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வெயில் காலத்தில் மட்டும் சோதித்த குக்கீ நவம்பரில் கடையிலிருந்து திரும்பி வரும்.