ஏரிக்கு அடியில் 50 ஆண்டு!

1945-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஐரோப்பாவில் யுத்தம் முடிய இன்னும் இரண்டே வாரம்.

நார்வே நாட்டில், ஜெர்மானியரை எதிர்த்து மறைந்திருந்து போராடியவர்களுக்கு ஆயுதங்களைப் போட்டுவிட்டு, "ஹாலிபாக்ஸ்" என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று இரவில் திரும்பிக்கொண்டிருந்தது. கீழிருந்து பீரங்கிகள் சுட்டன. அடிபட்ட விமானம் மியோசா ஏரியில் விழுந்தது. உள்ளே 6 பேர். குளிர்ந்த அந்த ஏரியில் 5 பேர் மாண்டனர். வாலில் இருந்த துப்பாக்கி வீரர் தாமஸ் வெயிட்மேன் ஒருவரே பிழைத்தார்.

மொத்தம் 6 ஆயிரத்துக்கு மேல் ஹாலிபாக்ஸ் விமானங்கள் செய்யப்பட்டன. யுத்தத்துக்குப் பின் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின. ஒன்றுகூட முழுதாகப் பத்திரப்படுத்தப்படவில்லை!

கனடா நாட்டு வாலிபர்கள் பலர் இந்த விமானங்களில் பறந்து உயிர்விட்டவர்கள். அவர்கள் நினைவாக ஒன்று வேண்டுமே என்று தேடியவர்களுக்கு ஏரிதான் கைகொடுத்தது. 1995-ல், சுமார் 750 அடி ஆழத்திலிருந்து விமானத்தைத் தூக்கினார்கள். உப்பில்லாத குளிர்ந்த நீர். தகடுகள் அதிகம் அரிக்கப்படவில்லை.

கனடாவின் டிரென்டன் நகரில், ஓய்வு பெற்ற விமானப்படையினரும் பிற தொண்டர்களும் 10 ஆண்டு உழைத்தனர். நசுங்கிய தகட்டை நிமிர்த்தினார்கள். நிமிராததற்குப் பதில் புதிது செய்தார்கள். 2005-ல் விமானம் காட்சிக்கு வந்தது.

லண்டன் மியூசியத்திலும் ஒரு ஹாலிபாக்ஸ் உண்டு. 1973-ல் வேறொரு நார்வே ஏரியிலிருந்து எடுத்தது. அதைப் பெரும்பாலும் கிடந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதுவும் சரிதான். ஆனால் டிரென்டனுக்குப் போகிறவர்கள், பளபளக்கும் விமானத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போய் நிமிர்ந்து பார்க்கலாம். ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய சிறிய கூண்டு. வெயிட்மேனின் இடம் அதுதான்.