மைக்கா, அறையா? ஒசூரிலிருந்து ஒரு சின்னக் கணக்கு

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ண விலை உயர்ந்த மைக் வேணுமா, மலிவானதே போதுமா? என்னிடம் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பசங்க. சொந்தப் பாட்டு பதிவு செய்ய ஒருவருக்கு ஆசை, ஊரில் இருக்கும் பாட்டியின் நடவுப் பாட்டைப் பிடித்து வைக்க இன்னொருவருக்கு. ஓவர்டைம் காசு கொஞ்சம், மீதி இஎம்ஐ. அதனால் பதிலைக் கணக்காகவே எழுதி வைக்கிறேன்.

இரண்டு மைக்கை எடுத்துக்கொள்வோம். நியூமன் யூ87 ஏஐ விலை லட்சங்களில். ரோடு என்டி1-ஏ அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எந்த மைக்கும் சும்மா இருக்கும்போதே மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் ஒன்றை உண்டாக்கும். தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு: யூ87 ஏஐயில் 12 டெசிபல், என்டி1-ஏயில் 5. ஆமாம், இந்த ஒரு விஷயத்தில் மலிவானதுதான் அமைதி.

இப்போ அறைக்கு வருவோம். அமைதியான படுக்கையறையிலேயே ராத்திரி சுமார் 30 டெசிபல் இருக்கும். நெடுஞ்சாலை 44ல் லாரி ஓயாத நம்ம ஊருக்கு 35 என்று வைப்போம். அதுவே சலுகைதான். டெசிபலை நேராகக் கூட்டக் கூடாது, சக்தியாக மாற்றித்தான் கூட்டணும். 35டன் 12ஐச் சேர்த்தால் 35.02. 5ஐச் சேர்த்தால் 35.00. இரண்டு மைக்கின் இரைச்சலும் அறைச் சத்தத்துக்குள் காணாமல் போய்விடுகிறது.

அப்படியானால் யூ87 ஏமாற்று வேலையா? இல்லை. குரலின் நிறம், பக்கவாட்டில் வரும் ஒலியைக் கையாளும் விதம், பல வருட உழைப்பு எல்லாம் உண்மை. ஆனால் மோசமான அறையில் வைத்தால் அந்த மோசத்தையும் அது துல்லியமாகப் பிடிக்கும்.

அடுத்து, சுவரில் ஒட்டும் ஃபோம். 100 ஹெர்ட்ஸ் லாரி உறுமலின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். ஒரு அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனமான சுவரும், இடுக்கு அடைத்த கதவு ஜன்னலும்தான். அறைக்குள் எதிரொலியைக் குறைக்க, பாடுபவரின் முதுகுப் பக்கம் மெத்தையோ தடித்த போர்வையோ போதும்.

காசே இல்லாத வழி தூரம். மைக்கை 40 சென்டிமீட்டரிலிருந்து 20க்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடும், லாரி கூடாது. 'ப' சொல்லும்போது காற்று அடிக்காமலிருக்க மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்க.

1989ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை அமைத்தார். 1992ல் வெளியான ரோஜாவின் பாடல்கள் அங்கேதான் உருவாயின. வீட்டில் பதிவு என்பது நமக்குப் புதுசு இல்லை. அன்று அதற்கு வேண்டியிருந்த பல பெட்டிகளின் வேலையை இன்று ஒரு லேப்டாப் செய்துவிடுகிறது. அறையின் வேலையை மட்டும் அதனால் செய்ய முடியாது.

ஆகவே என் வரிசை இதுதான்: முதலில் நேரமும் இடமும், அடுத்து மெத்தை, போர்வை, பிறகு பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் ஒரு மைக். யூ87 எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பாட்டியின் பாட்டுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். எண்பது வயதுக்காரர் நம் இஎம்ஐ முடியும்வரை காத்திருக்கணும் என்பது இல்லை. இருக்கும் மைக்கை எடுத்துக்கொண்டு வர்ற ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போங்க. ஃபேனை மட்டும் மறக்காமல் நிறுத்திடுங்க.