உங்களுக்குத் தெரியுமா? – கப்பல் ஜன்னல்கள்

கப்பல் ஜன்னல் ஏன் வட்டம்? சதுரத்தின் மூலைகளில்தான் அழுத்தம் குவியும். விரிசலும் அங்கேதான் விழும். அலையில் முறுகி நெளியும் இரும்புக் கப்பலுக்கு மூலையே இல்லாத ஜன்னல்தான் தாங்கும்.

●

1628 ஆகஸ்ட் 10. ஸ்வீடனின் புத்தம்புதுப் போர்க்கப்பல் வாசா, முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே காற்றில் சாய்ந்தது. பீரங்கிகளுக்காகத் திறந்திருந்த கீழ்வரிசைத் துளைகள் வழியே கடல் புகுந்தது. 1961-ல் மேலே தூக்குவதற்கு முன் முக்குளிப்பவர்கள் அந்தத் துளைகளை அடைத்தார்கள். 333 ஆண்டு தாமதம்!

●

பாய்மரப் போர்க்கப்பலின் பகட்டெல்லாம் பின்பக்கத்தில். தளபதியின் அறைக்கு வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். பலவீனமும் அங்கேதான். 1805-ல் டிராஃபால்கர் போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல், பிரெஞ்சுத் தளபதியின் கப்பலைப் பின்புறமிருந்து சுட்டது. குண்டுகள் கப்பலின் நீளவாக்கில் பாய்ந்தன. விக்டரியை இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் பார்க்கலாம்.

●

எண்ணெயும் மரமுமாக இருக்கும் கப்பலுக்குள் விளக்கேற்றுவது ஆபத்து. அதனால் மேல்தளப் பலகையில் கனத்த கண்ணாடிப் பட்டகத்தைப் பதித்தார்கள். மேலே தட்டை, கீழே கூம்பு. வெயிலை வாங்கி அறை முழுக்கச் சிதறடிக்கும். 1841-ல் கட்டிய அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் சார்லஸ் டபிள்யூ. மார்கனின் பட்டகம் பிரபலம். அதன் நகல்கள் இன்று மேசை அலங்காரமாக விற்கின்றன.

●

டைட்டானிக் மூழ்கிய பின், அதன் தங்கைக் கப்பல் பிரிட்டானிக்கை இரட்டைச் சுவர் வைத்துப் பலப்படுத்தினார்கள். போர்க்காலத்தில் அது மருத்துவமனைக் கப்பலானது. 1916 நவம்பர் 21 காலை, கிரேக்கத்தின் கேயா தீவருகே கண்ணிவெடி தாக்கியது. வார்டுகளில் காற்றோட்டம் வேண்டுமென்று கீழ்த்தள வட்ட ஜன்னல்கள் பலவற்றைத் திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் சாயச் சாய, தண்ணீர் அவற்றின் வழியே கொட்டியது. 55 நிமிடத்தில் மூழ்கியது. டைட்டானிக்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது! நல்லவேளை, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் இறந்தவர்கள் 30 பேர்தான்.

●

பிரான்சின் நார்மண்டி (1935) சொகுசுக் கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லலிக்கின் தூண்கள்தான் வெளிச்சம் தந்தன. கடலைப் பார்க்காமல் கடலில் சாப்பாடு!

●

கிரேட் பிரிட்டன் என்ற பழைய இரும்பு நீராவிக் கப்பலை 1937-ல் ஃபாக்லாந்து தீவுகளில் கைவிட்டார்கள். 1970-ல் பிரிஸ்டலுக்கு மீட்டு வந்தார்கள். இப்போது நீர்மட்ட உயரத்தில் அதைச் சுற்றிக் கண்ணாடித் தளம். மேலே மெல்லிய தண்ணீர்; கீழே துருப்பிடிக்காதபடி ஈரம் நீக்கிய காற்று.

●

குஜராத்தின் அலங்கில் உடைபடும் கப்பல்களின் ஜன்னல்களும் சாலையோரக் கடைகளுக்கு வருகின்றன. பித்தளை என்றால் மவுசு அதிகம். முகம் பார்க்கும் கண்ணாடி பதித்துச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள்.