ஒரே வாரத்தில் மூடுபனியும் உறைபனியும்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் கிழங்கும் காய்கறியும் வைத்திருக்கும் உழவர் பெருமக்களுக்கு, ஒரு வாரத்திற்குள் இரண்டு பருவங்கள் வந்து போவது புதிதன்று. வாரத் தொடக்கத்தில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். வாரத்தின் நடுவில் வானம் பளிச்சென்று தெளியும். அடுத்த நாள் விடியும்போது பள்ளத்து நிலம் வெள்ளைவெளேர் என்று கிடக்கும். முதல் நாட்களில் அஞ்ச வேண்டியது நோயை. பின் நாட்களில் உறைபனியை. இரண்டிற்கும் செய்ய வேண்டிய வேலைகள் வேறு வேறு.

வங்கக் கடலில் தாழ்வழுத்தம் ஏற்படும்போது கீழைக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மேகமாகத் தங்குகிறது. இலை நாள் முழுதும் நனைந்தே இருப்பதால் உருளைக்கிழங்கில் பின்பருவ இலைக்கருகல் நோய் விரைந்து பரவும். இலையின் அடிப்புறம் வெண்மையான பூசணம் தெரிகிறதா என்று காலையிலேயே பாருங்கள். மாங்கோசெப் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, தூறல் விட்டு இலை உலர்ந்திருக்கும் நேரத்தில் அடிப்புறமும் நனையும்படி தெளிக்க வேண்டும். தூறலில் தெளித்தால் மருந்தும் கூலியும் மண்ணோடு போகும்.

தாழ்வழுத்தம் விலகியதும் வறண்ட காற்று வருகிறது. மேகம் என்பது நிலத்திற்குப் போர்வை. அது விலகிய இரவில், பகலில் மண் வாங்கிய வெப்பம் முழுதும் வானை நோக்கிப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில்தான் குளிர் அதிகம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதும் சிரமம். ஹட்டியில் உள்ள பெரியவர்களுக்கோ சொல்லவே வேண்டியதில்லை. தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்ந்த வெளிகளில் புல் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில், சரிவின் நடுவில் உள்ள தோட்டம் தப்பிவிடுவது இதனால்தான்.

வானிலை அறிக்கையைக் கேளுங்கள். ஆனால் அதில் வரும் அளவு உங்கள் பள்ளத்தின் அளவு அன்று. ஆளுயரத்தில் வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே புல் நுனியில் 0 டிகிரி இருக்கக்கூடும். எனவே மாலையில் நீங்களே பாருங்கள். மேகம் இல்லை, காற்று அசையவில்லை, அடுப்புப் புகை மேலே எழாமல் பள்ளத்தில் படுக்கிறது, இருட்டியதும் குளிர் சட்டென்று ஏறுகிறது என்றால் அன்றிரவு உறைபனியை எதிர்பார்க்கலாம்.

அத்தகைய நாளில் முற்பகலிலேயே நீர் பாய்ச்சிவிடுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து இரவில் மெல்ல விடும். நாற்றங்காலையும் இளந்தேயிலையையும் மாலையிலேயே பெரணித் தழை அல்லது கோணிப்பையால் மூடி, வெயில் ஏறியபின் எடுக்கவும். தெளிப்பு நீர்ப்பாசனம் உள்ளவர்கள் விடியலுக்கு முன் தொடங்கி, படிந்த பனி முழுதும் கரையும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். டீசல் தீர்ந்துவிடும் என்று பாதியில் நிறுத்தினால், நனைந்த இலை மேலும் குளிர்ந்து, தொடங்காமலே இருந்ததைவிட அதிகக் கேடு விளையும். போதிய நீரும் எண்ணெயும் இல்லாதவர்கள் மூடாக்கோடு நின்றுகொள்வது நலம்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. நிலத்தின் கீழ் எல்லையில் நெருக்கமாக வளர்ந்த வேலிச்செடி, இறங்கி வரும் குளிர்காற்றை அணைபோலத் தடுத்துப் பயிரின்மேல் தேக்கிவிடுகிறது. அங்கே நாலைந்து அடி அகலத்திற்கு ஒரு வழி வெட்டிவிட்டால் காற்று வடிந்துபோகும்.

இத்தனைக்குப் பிறகும் இலை கருகிவிட்டால் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். இளம் உருளைக்கிழங்குச் செடி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பத்து நாட்கள் பொறுத்துப் பார்த்தபின் மறுநடவைப் பற்றி முடிவு செய்யலாம்.