கடல் சாமந்திக்கு முன்னால் ஒரு கோடை

“கோமாளி மீன் ரெண்டு வாங்கலாம்னு இருக்கேண்ணா. கூடவே அது உள்ளே புரளுமே, பூ மாதிரி, அதுவும் வேணும்” என்று கேட்கும் தம்பிகள் இப்போது விஜயபுரம், நகரி பக்கமெல்லாம் இருக்கிறார்கள். ஏகாம்பரகுப்பத்திலோ திருத்தணியிலோ ரயில் ஏறிச் சென்னை போய், கொளத்தூர் கடைகளில் கேட்டால் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். வாங்குவது அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் சங்கடம். டீ சூடாகத்தான் இருக்கிறது, அது ஆறுவதற்குள் விஷயத்தைப் பேசிவிடுவோம்.

கடல் சாமந்தி பூவும் இல்லை, செடியும் இல்லை. ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் பங்காளி. அடியில் தட்டையான பாதம், அதைப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். மேலே இதழ் மாதிரித் தெரிபவை உணர்கொம்புகள். நடுவில் ஒரே ஒரு வாய், தின்பதும் அதன் வழியே, கழிப்பதும் அதன் வழியே. உணர்கொம்பைத் தொட்டால் விரலில் பசை போல ஒட்டும். அது பசையல்ல. கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் முள்ளை எய்திருக்கின்றன. உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் நமக்கு வலிக்கவில்லை. முன்கையின் உட்புறத்தில் பட்டால் தடித்துச் சிவந்து அரிக்கும். கையுறை போடாமல் தொட்டிக்குள் கைவிட வேண்டாம்.

கோமாளி மீன் குடியிருக்கும் வகைகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் குடித்தனம் இருக்கின்றன. வெளிச்சத்தில் சமைத்த உணவில் பெரும்பங்கை வாடகையாகச் சாமந்திக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அலங்காரத்துக்கு மாட்டும் நீல பல்பு போதாது, பவளத்துக்கென்று விற்கும் எல்இடி விளக்கு தினம் எட்டுப் பத்து மணி நேரம் எரிய வேண்டும். பாசிகள் வெளியேறிவிட்டால் உடம்பு வெளுத்துவிடும். கடையில் பால் வெள்ளையாக ஒன்று இருந்து, “இது அபூர்வமான கலர்” என்றால், பட்டினி கிடக்கும் பிராணியைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ரோஜா நிறமும் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை. இரண்டையும் தொடாதீர்கள்.

ஆயுள் விஷயத்தில் இது நம்மையே தோற்கடிக்கும். ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் கடற்கரையில் எடுத்து ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்த சாமந்தி, அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடிருந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர். நுண்பாசியை நம்பி வாழாத, குளிர் கடல் வகை அது. அந்த ஊரில் குளிரூட்டும் இயந்திரமும் தேவையில்லை. நம் பக்கமும் இந்த ஆசைக்குப் பழைய வரலாறு உண்டு. சென்னை மெரினாவில் 1909இலேயே கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறந்தார்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. விஜயபுரத்தில் கடலை நாம்தான் தயாரிக்க வேண்டும்.

கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் கடல் இருக்கிறதே, கேனில் பிடித்து வந்தால் என்ன என்று தோன்றும். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டை, தடா எல்லாம் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தன. ஆக, திருப்பதிக்கும் இப்போது கடற்கரை உண்டு. ஆனால் அந்தப் பக்கம் கைக்கு எட்டுவது பழவேற்காடு ஏரித் தண்ணீர். மழைக்காலத்தில் அது உப்புக் குறைந்து கிடக்கும், கோடையில் கரிக்கும். நாளுக்கொரு உப்பில் சாமந்தி பிழைக்காது.

சரி, சமையல் உப்பைக் கரைத்தால்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் நூற்றுக்கு 85 பங்கு சோடியமும் குளோரைடும், அதாவது சாப்பாட்டு உப்பு. மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அடக்கம். தூத்துக்குடி உப்பளமாகட்டும் நெல்லூர்க் கரை உப்பளமாகட்டும், தண்ணீர் காயக் காயச் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் தனியே படிந்துவிடும். பிறகு உப்பு பூக்கும். மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். வடிக்காவிட்டால் உப்பு கசக்கும். நம் நாக்குக்காகக் கழித்த அந்தச் சரக்கில்லாமல் சாமந்தியால் வாழ முடியாது. ஆகவே கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவைதான் வாங்க வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு முதல் நிரப்பலுக்கே 7 கிலோ பிடிக்கும். வாரா வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் அதற்கும் தனியே உப்பு. கரைக்கும் தண்ணீர் ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரில் என்னென்ன கரைந்து வருகிறது என்று உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் படியும் வெள்ளைக் கறையே சொல்லும். உப்பளவை நாக்கில் வைத்துப் பார்க்காமல் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

இந்த ஊரில் இதற்கெல்லாம் மேலான சோதனை வெயில். தொட்டித் தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மன்னார் வளைகுடாவில், அவ்வளவு பெரிய கடலிலேயே, கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பவளங்கள் வெளுக்கின்றன. 2010இலும் 2016இலும் அங்கே பெரிய அளவில் நடந்தது இதுதான். கத்திரி வெயிலில் நம் வீட்டுக் கூடமே நாற்பதை எட்டும்போது கண்ணாடித் தொட்டி என்ன பாடுபடும்? தண்ணீர்மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தினம் சில லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அத்தனையும் உள்ளேயே தங்கும். அதனால் குறைந்த அளவை எப்போதும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு நாளும் கரிப்பு ஏறிக்கொண்டே போகும். மே மாதத்துக்கு விசிறி மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், அல்லது ராப்பகலாக ஏசி ஓடும் அறை வேண்டும். கரண்ட் போனால் காற்று மோட்டாராவது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். இந்தச் செலவைக் கேட்டதும் ஆசை தணிந்தால் அதுவும் நல்லதே.

புதுத் தொட்டியில் சாமந்தியைப் போடவே கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளரவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சைக்கிளிங் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அது மீனுக்குப் போதும். சாமந்திக்குத் தொட்டி குறைந்தது ஆறு மாதம், என்னைக் கேட்டால் ஒரு வருடம், அலுங்காமல் ஓடியிருக்க வேண்டும்.

வந்த பிறகு அது நீங்கள் வைத்த இடத்தில் இருக்காது. வெளிச்சமும் நீரோட்டமும் பிடித்த இடம் கிடைக்கும்வரை பாதத்தால் ஊர்ந்துகொண்டே இருக்கும். இரவில் அப்படி ஊர்ந்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் மோட்டாரின் வாயில் சிக்கினால், காலையில் தொட்டி முழுக்கத் துண்டுகள் மிதக்கும், மீன்களும் சேர்ந்து போகும். மோட்டாருக்கெல்லாம் முன்கூட்டியே வலையோ ஸ்பாஞ்சோ மாட்டிவிடுங்கள். சில நாள் பை போலச் சுருங்கிக் கிடக்கும். பழைய நீரையும் கழிவையும் வெளியே தள்ளுகிறது, பயப்பட வேண்டாம், மறுபடி உப்பிவிடும். வாய் பிளந்தபடியே நாள் கணக்கில் கிடந்து நாற்றமும் வந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், தாமதித்தால் அழுகல் மற்றதையும் கொல்லும். சாப்பாட்டுக்கு வாரம் ஒருமுறை, நகக்கண் அளவு பச்சை இறால் போதும். உணர்கொம்பில் வைத்ததும் அவை ஒவ்வொன்றாக மடிந்து வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்க்கலாம். மீனுக்கு நோய் என்று தாமிரம் கலந்த மருந்தை மட்டும் அந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், சாமந்தி செத்துவிடும்.

இப்போது தம்பிகள் கேட்க விரும்பாத சேதி: கோமாளி மீனுக்குத் தொட்டியில் சாமந்தி தேவையே இல்லை. கடலில் தின்ன வரும் பெரிய மீன்களுக்குப் பயந்துதான் அதனுள் ஒதுங்குகிறது. உடம்பில் பூசிய வழவழப்பால் அதைச் சாமந்தி கொட்டுவதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும், மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டன. அப்படிப் பிறந்த மீன் சாமந்தியைப் பார்க்காமலே வளர்ந்து முட்டையும் இடும். ஆனால் நம் கரையோரக் கம்பளச் சாமந்தியைத் தொட்டியில் விட்டால் அசந்த மற்ற மீனைப் பிடித்து விழுங்கிவிடும்.

“லைவ் ராக்” என்று கடலிலிருந்து பெயர்த்த பவளப் பாறையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வைத்திருப்பவர்மேலும் வழக்கு வரும். செராமிக் கற்களே போதும், பாக்டீரியா அதிலும் குடியேறும்.

என் தீர்ப்பு இதுதான். இந்த வருடம் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி மட்டும் வாங்குங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் தினம் வெப்பத்தையும் உப்பையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் 27ஐத் தாண்டிய நாள் இல்லை என்றால் அடுத்த தைக்குச் சாமந்தி வாங்கலாம். அப்போதும் கடலில் பிடித்தது வேண்டாம். பபுள் டிப் என்ற வகை தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகும். அப்படிப் பிளந்த ஒன்றை, ஏற்கெனவே வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.