மெய்ப்பாட்டியல் நோக்கில் குறும்படக் கதைக்கருவும் கேட்போர் எதிர்வினையும்

குறும்படம் எடுக்க முனையும் மாணவர், படப்பிடிப்புக்கு முன்னரே கதைக்கருவைச் சிலரிடம் சொல்லிக் கருத்துக் கேட்பது வழக்கம். திரைத்துறையில் 'கதை விவாதம்' எனப்படும் நடைமுறையின் எளிய வடிவம் இது. கேட்டவர் 'நன்றாக இருக்கிறது' என்பார். அன்றி முடிவை மாற்றச் சொல்வார். இரண்டும் அவருடைய மதிப்பீடுகளே. கதை அவருள் என்ன விளைத்தது என்பதை இவை காட்டா. அவ்விளைவை அறிய மெய்ப்பாட்டியல் துணைசெய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாட்டினை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களாக 32 களன்களைச் சுட்டுகிறார். ஒருவர் நிகழ்த்தியது காண்பவரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாள்கிறார். இதன்படி, எதிர்வினையைத் தேட வேண்டிய இடம் கேட்பவரின் மெய்யே. அவர் பின்னர் கூறும் கருத்து அதற்கு அடுத்த நிலையினதே.

எடுத்துக்காட்டாக ஒரு கதைக்கருவைப் புனைந்துகொள்ளலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட முதியவர், நூம்பலிலுள்ள தம் வீட்டிற்கு நடக்கிறார்; கடந்துசெல்லும் வண்டிகளுக்கெல்லாம் கை காட்டுகிறார்; ஒரு தெருநாய் பின்தொடர்கிறது. மூப்பும் வருத்தமும் இளிவரலின் களன்களாதலின், இயக்குநர் கருதியது அதுவே எனக் கொள்வோம். ஆனால் கை காட்டும் இடத்தில் கேட்பவர் சிரிக்கிறார். இச்சிரிப்பைத் தோல்வி என உடனே முடிவுசெய்தல் பொருந்தாது. நகைக்குரிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் அது எதன்பாற்பட்டது என நோக்க வேண்டும். முதியவரின் பேதைமை கண்டு எழுந்த நகையாயின் அடுத்த காட்சியில் அது இளிவரலாக மாறக்கூடும். எள்ளலாயின், கேட்பவர் ஏற்கெனவே முதியவரை விட்டு விலகிவிட்டார். திருத்த வேண்டிய இடம் அப்போது கை காட்டும் காட்சி அன்று. அதற்கு முன்னர், முதியவர் அறிமுகமாகும் இடம். நாய் வருமிடத்தில் கேட்பவர் உடல் ஒடுங்கினால், விலங்கு என்னும் களனால் அச்சம் தோன்றியுள்ளது; இயக்குநர் கருதாத பேய்க்கதை எதிர்பார்ப்பு அங்கே முளைத்திருக்கலாம். 'கதை பிடித்ததா?' என்னும் வினா இவற்றுள் ஒன்றையும் வெளிக்கொணராது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. சொல்பவரின் குரலும் முகமும் கதைக்கருவில் இல்லாத மெய்ப்பாட்டைச் சேர்த்துவிடும். கதை சொல்வதில் வல்லவருக்கே இவ்விடர் மிகுதி. ஆகவே சிலரிடம் வாய்மொழியாகச் சொல்வதும், வேறு சிலரிடம் ஒரு பக்க எழுத்தை மட்டும் கொடுப்பதும் தேவை. இரு சாராரும் ஒரே இடத்தில் ஒரே மெய்ப்பாட்டைக் காட்டினால் அது கதைக்கு உரியது. மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் செய்தலும் பயன்தரும். நாயை மறந்துவிடுபவருக்கு அக்காட்சி சென்றடையவில்லை.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் எதிர்வினை வேறு கட்டத்தில் கிடைத்தது. எடுத்து முடித்த குறும்படத்தைப் பார்த்தே நடுவர்கள் கருத்துரைத்தனர். அங்குக் குறும்படமே முழுநீளப் படத்திற்கான வெள்ளோட்டமாகவும் அமைந்தது. ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி' குறும்படம் 2014இல் அதே பெயரில் திரைப்படமாக வளர்ந்தது. கைப்பணத்தில் ஒரே படம் எடுக்கும் மாணவருக்கு அத்தகைய வெள்ளோட்டம் வாய்ப்பதில்லை. படப்பிடிப்புக்கு முன் கேட்பதே அவருக்கு உள்ள வழி.

யாரிடம் கேட்பது என்பதற்கும் மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா இடந்தருகிறது. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லவர்க்கே இப்பொருள் புலனாகும் என்பது அதன் கருத்து. இதனைத் திரைக்கலை பயின்றோர்க்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் குறுகிய பொருளாகும். மேற்கண்ட கதைக்கருவைப் பொறுத்தவரை, உடன்பயிலும் மாணவர் காட்சியமைப்பை உணர்வர். பேருந்து தவறிய இரவை உணர்ந்தவர், பணி முடித்து வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் நிற்பவரே.